ரிட்டையர் ஆனபின் கதை எழுத வந்தவர்கள் இங்கே உண்டா? (டிரங்க் போர்டு, பில் கவுண்டர், ஆரி வேலை, இப்போது சிறுகதை)

கோரையாற்றுக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிப்பதோடு சரி. இப்போது ஒரு சந்தேகம் வந்திருப்பதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் தமிழ் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் பாஸ் செய்தேன். ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட் வேலை. அப்புறம் பெரிய கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டேன். 1976இல் திருச்சி டிரங்க் எக்ஸ்சேஞ்சில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. வெளியூர் அழைப்புகளை (டிரங்க் கால்) போர்டில் கையால் இணைத்துக் கொடுக்கும் வேலை. கல்யாணமாகிப் புதுக்கோட்டைக்கு மாற்றல். 1991இல் அங்கே அறிவொளி எழுத்தறிவு இயக்கம் வந்தபோது டியூட்டி முடிந்து சாயங்காலம் தொண்டராகப் போய்ப் பாடம் நடத்தினேன். ஆபரேட்டர் இல்லாமலே வெளியூருக்கு டயல் செய்கிற எஸ்.டி.டி. எல்லா ஊருக்கும் வந்ததும் போர்டில் வேலை குறைந்துபோனது. எங்களைப் பில் கவுண்டரில் உட்கார வைத்தார்கள், பிறகு வாடிக்கையாளர் சேவை. 2000இல் துறை பி.எஸ்.என்.எல். ஆனது, நாற்காலி அதேதான். 2015இல் ஓய்வு.

சும்மா இருக்க வராது எனக்கு. ஆரி வேலை (கொக்கி ஊசியால் போடும் எம்பிராய்டரி) கற்றுக்கொண்டு கல்யாண ரவிக்கைகளுக்குப் போட்டுக் கொடுத்தேன். இப்போதும் வாரம் இரண்டு நாள் பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். மாடியில் தொட்டிச் செடிகள். பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு வந்தால் பைனாகுலரும் நோட்டுமாக ஏரிக்கரைக்குக் கிளம்பிவிடுவேன். உள்ளான் பறவைகளைப் பிரித்துச் சொல்வதில் இன்னும் தடுமாற்றம்தான்.

கொரோனா அடைப்பில் கதை எழுத ஆரம்பித்தேன். பத்திரிகைகளுக்கு அனுப்பினால் பதிலே இல்லை. என் தம்பி படித்துவிட்டு, "அக்கா, இது கதையா, உன் சர்வீஸ் புக்கா?" என்றான். கோபம் வந்தது. ஆனால் அவன் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது.

என் கேள்வி இரண்டு. இத்தனை வேலை பார்த்தவள், இதையெல்லாம் கதையில் எப்படிக் கொண்டுவருவது? அடுத்தது இன்னும் முக்கியம். போர்டில் உட்கார்ந்து என் காதில் விழுந்ததை நான் எழுதலாமா?

பொடிநடை:
அம்மா, கதையை விடுங்கள், இதை அப்படியே தன்வரலாறாக எழுதுங்கள். டிரங்க் கால் என்றால் என்னவென்றே தெரியாத தலைமுறை வந்துவிட்டது. என் பேரனிடம் "கால் புக் பண்ணிட்டு ராத்திரி வரை காத்திருப்போம்" என்றேன். கால் டாக்சியா தாத்தா என்கிறான். புனைவு எழுத நூறு பேர் இருக்கிறார்கள், போர்டில் உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர் எழுதுகிறீர்கள்?

வக்கீல்குமாஸ்தா:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். உங்கள் காலத்தில் நடப்பில் இருந்தது 1885ஆம் வருடத்து இந்தியத் தந்திச் சட்டம். அதில் 26ஆம் பிரிவு, துறை ஊழியர் ஒரு செய்தியின் உள்ளடக்கத்தை வெளியே சொன்னால் மூன்று வருடம் வரை சிறை என்கிறது. 2023இல் புதுத் தொலைத்தொடர்புச் சட்டம் வந்துவிட்டது, அது வேறு கதை. நாற்பது வருடம் கழித்து ஒரு சிறுகதைக்காக யாரும் உங்கள் மேல் கேஸ் போடப்போவதில்லை. ஆனால் நீங்களே கேட்கிறீர்கள் என்றால் உங்களுக்கே உறுத்துகிறது என்று அர்த்தம். பேசினவர் உங்களை நம்பிப் பேசவில்லை, லைனை நம்பிப் பேசினார். அவர் வீட்டு விஷயத்தை எடுத்துக் கதை பண்ணுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பெயரை மாற்றினால் போதும் என்பார்கள். சம்பந்தப்பட்டவருக்குப் பெயரா முக்கியம்?

நைட்ஷிப்ட்_நர்ஸ்:
குமாஸ்தா சார் சொல்வதுபடி பார்த்தால் நர்ஸ், டாக்டர், போலீஸ், வக்கீல் யாருமே கதை எழுத முடியாது. நானும் இன்னும் இரண்டு வருடத்தில் ரிட்டையர். எனக்கும் இதே யோசனை இருக்கிறது. அக்கா, போர்டில் உண்மையிலேயே எவ்வளவு கேட்கும்? முழுப் பேச்சுமா?

கோரையாற்றுக்காரி:
நல்ல கேள்வி தங்கச்சி. சினிமாவில் காட்டுகிற மாதிரி உட்கார்ந்து ரசிக்க நேரமே கிடையாது.

180க்கு டயல் செய்து ஊர், நம்பர் சொல்வார்கள். புக்கிங்கில் இருப்பவள் டிக்கெட்டில் பென்சிலால் எழுதுவாள். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று. அர்ஜென்டுக்கு இரட்டைக் கட்டணம், லைட்னிங்குக்கு எட்டு மடங்கு. குறிப்பிட்ட ஆளே பேச வேண்டும் என்றால் பி.பி. கால், அதற்குத் தனிக் காசு. டிக்கெட் எங்கள் பொசிஷனுக்கு வரும். நெஞ்சில் தொங்குகிற பிளேட்டில் வாய்க்கு நேராக ஒரு கொம்பு மைக், காதில் ஒற்றை ரிசீவர். ஒரு கார்டை, அதாவது பிளக் வைத்த ஒயரை, எடுத்து மதுரை ஜாக்கில் குத்தி அந்த ஊர் ஆபரேட்டரைக் கூப்பிட்டு நம்பர் கேட்க வேண்டும். அவள் அந்தப் பக்கம் மணியடிப்பாள். ஆள் வந்ததும் இந்தப் பக்கத்துக்காரரை இன்னொரு கார்டில் சேர்த்து, "பேசுங்க" என்று சொல்லி, இரண்டு பேருக்கும் கேட்கிறதா என்று ஒரு நொடி காது கொடுத்து, கீ என்கிற ஸ்விட்சைத் தள்ளிவிடுவோம். அதோடு அவர்கள் பேச்சு எங்களுக்கு இல்லை. மூன்று நிமிடம் ஆனதும் மறுபடி உள்ளே போய், "மூணு நிமிஷம் ஆச்சு, எக்ஸ்டென்ட் பண்ணட்டுமா?" என்று கேட்போம். இதற்குள் பக்கத்தில் நாலு விளக்கு எரியும். பின்னால் சூப்பர்வைசர் நடப்பார்.

அதனால் எனக்குக் கிடைத்ததெல்லாம் முதல் வார்த்தையும், மூன்றாவது நிமிடத்தில் நடு வாக்கியமும்தான். "…அதான் சொல்றேன், நிலத்தை விக்காதே" என்று ஒரு குரல். யார், எந்த நிலம், விற்றாரா, எதுவும் தெரியாது. லைன் மோசமாக இருந்தால் மட்டும் இடையில் போய் ஒருவர் சொன்னதை இன்னொருவருக்கு நாங்களே திருப்பிச் சொல்வோம். சாவுச் செய்தியைக்கூட அப்படிச் சொல்லியிருக்கிறேன். அதை மட்டும் எழுதமாட்டேன், அதில் குமாஸ்தா சார் பக்கம்தான் நான்.

கடல்தாண்டி:
லண்டனிலிருந்து எழுதுகிறேன். இந்த இழைக்குப் பொருத்தமாக ஒருவர் இருக்கிறார், பெனலபி ஃபிட்ஸ்ஜெரால்ட். 1916இல் பிறந்தவர். போர்க்காலத்தில் உணவு அமைச்சகத்தில் வேலை, பிறகு பி.பி.சி., கணவரோடு சேர்ந்து ஒரு பத்திரிகை, சஃபோக் பக்கம் சவுத்வோல்டில் ஒரு புத்தகக் கடையில் வேலை. பணமுடை வந்து தேம்ஸில் ஒரு படகுவீட்டில் குடும்பத்தோடு குடியிருந்தார். அந்தப் படகும் மூழ்கியது. நாடகக் குழந்தைகள் படிக்கும் பள்ளியில் ஆசிரியை. முதல் புத்தகம் 1975இல், 58 வயதில். ஓவியர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு அது. முதல் நாவல் 1977இல். நோய்வாய்ப்பட்டுப் படுத்திருந்த கணவரைச் சிரிக்க வைக்க எழுதிய துப்பறியும் கதை. 1979இல் புக்கர் பரிசு. பரிசு பெற்ற நாவல் எதைப் பற்றித் தெரியுமா? தேம்ஸ் படகுவீடுகளில் வாழ்கிறவர்களைப் பற்றி. புத்தகக் கடை ஒரு நாவல், பி.பி.சி. ஒரு நாவல், நாடகப் பள்ளி ஒரு நாவல் என்று பார்த்த வேலையெல்லாம் வந்துவிட்டது. மேடம், உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

சிவப்பு_மை:
நல்ல உதாரணம், ஆனால் பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். அவருடைய அப்பா 'பஞ்ச்' நகைச்சுவை இதழின் ஆசிரியர். அவர் படித்தது ஆக்ஸ்ஃபோர்டு. வீட்டில் சாப்பாட்டு மேசையிலேயே இலக்கியம். 58 வயதில் ஆரம்பித்தார் என்பதைவிட, 58 வயது வரை அவரை வீடும் வேலையும் எழுத விடவில்லை என்று சொல்வதுதான் சரி. நம் பெண்களிடம் இதைக் காட்டி "பார், வயது ஒரு தடையே இல்லை" என்று உற்சாகமூட்டுவதில் எனக்கு ஒப்புதல் இல்லை.

இன்னொன்று. அவருடைய பிற்கால நாவல்கள்? புரட்சிக்கு முந்தைய மாஸ்கோ, 18ஆம் நூற்றாண்டு ஜெர்மனி. அவர் வேலை பார்த்த இடங்களுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே கிடையாது. அவருடைய சிறந்த எழுத்து அதுதான் என்பவர்கள் உண்டு. சொந்த அனுபவம் தீர்ந்தபிறகு மேலே போனவர் அவர். நம் ஊரில் ராஜம் கிருஷ்ணன் உப்பளத்தில் கூலி வேலை பார்த்தவரா? தூத்துக்குடிக்குப் போய் அந்த மக்களோடு பழகி 'கரிப்பு மணிகள்' எழுதினார். அனுபவம் இருந்தால் கதை வந்துவிடும் என்பதே தப்புக் கணக்கு. நான் அச்சகத்தில் பிழைதிருத்தும் வேலையில் காலம் தள்ளியவன். ரிட்டையர் ஆன அதிகாரிகளின் எத்தனையோ கையெழுத்துப் பிரதிகள் பார்த்திருக்கிறேன். ஐம்பதாம் பக்கம் வரை பிரமோஷன்தான் நடக்கும்.

அம்மா, தம்பி சொன்ன சர்வீஸ் புக்கிலிருந்து ஒரு பத்தி போடுங்கள், பார்ப்போம்.

உப்பளம்_தூத்துக்குடி:
பிரமோஷன்! சிரித்துவிட்டேன். எங்கள் வங்கி மேலாளர் ஒருவர் புத்தகம் போட்டார். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் தலைப்பு அவர் மாற்றலாகிப் போன கிளையின் பெயர்.

கோரையாற்றுக்காரி:
சார், பயமாக இருக்கிறது, இருந்தாலும் போடுகிறேன். 1977 நவம்பரில் புயல் வந்து திருச்சி வெள்ளக்காடானது நினைவிருக்கும். காவிரி ஒரு பக்கம், கோரையாறு ஒரு பக்கம். அந்த இரவை வைத்து எழுதினது. நடுவிலிருந்து ஒரு துண்டு:

"டிக்கெட்டுகள் கிளிப்பில் அடங்கவில்லை. ஊர்வாரியாகப் பிரித்து ரப்பர் பேண்டு போட்டாள். தஞ்சாவூர்க் கட்டுதான் கனம். அதில் ஒரே நம்பருக்கு ஒரே ஆள் மூன்று முறை புக் செய்திருந்தார். முதலில் ஆர்டினரி. அப்புறம் அர்ஜென்ட். கடைசியில் லைட்னிங். லைனே இல்லாத ஊருக்கு லைட்னிங்கும் போகாது என்று அவரிடம் சொல்ல வேண்டியவள் இவள்தான். சொன்னாள். 'எவ்வளவு ஆனாலும் பரவாயில்லம்மா' என்றார். இவள் நேரத்தை எழுதினாள். பென்சில் முனை உடைந்தது. அவருடைய மகள் நிறைமாத கர்ப்பிணியாகத் தஞ்சாவூரில் தனியாக இருக்கிறாள் என்பதும், அவள் தாயில்லாப் பெண் என்பதும், அந்தத் தகப்பனின் நெஞ்சம் எப்படித் துடித்திருக்கும் என்பதும் அந்தக் கருவிகளுக்குத் தெரியாது."

சிவப்பு_மை:
"பென்சில் முனை உடைந்தது" என்ற இடத்தோடு நிறுத்துங்கள். அடுத்த வாக்கியத்தை முழுசாக அடித்துவிடுங்கள்.

ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று ஒரு மனிதர் ஏறிக்கொண்டே போகிறாரே, அதில் அவருடைய பதற்றம் முழுதும் இருக்கிறது. கட்டணம் எட்டு மடங்கு என்பது முன்னால் எங்காவது ஒரு வரியில் வந்துவிட்டால் போதும், வாசகன் கணக்குப் போட்டுக்கொள்வான். இதைப் போர்டில் உட்காராதவர் யோசித்தே எடுத்திருக்க முடியாது. அனுபவத்தை எதிர்த்துப் பேசிய நானே சொல்கிறேன், இந்த இடத்தில் உங்கள் சர்வீஸ் புக் வேலை செய்கிறது. ஆனால் தாயில்லாப் பெண், துடிக்கும் நெஞ்சம் இதெல்லாம் எங்கிருந்து வந்தது? எந்த எக்ஸ்சேஞ்சிலும் இல்லை. நீங்கள் படித்த வாரப் பத்திரிகைத் தொடர்களிலிருந்து வந்தது.

ஒரு யோசனை, முன்பகுதியில் வெள்ளம் எத்தனை அடி ஏறியது, எந்தெந்தத் தெரு மூழ்கியது என்றெல்லாம் இருக்குமே? இருந்தால் அதையும் எடுங்கள். அவள் இருப்பது அறைக்குள்ளே. வெள்ளத்தை அவள் பார்க்கவில்லை, டிக்கெட்டில்தான் பார்க்கிறாள்.

கோரையாற்றுக்காரி:
முன்பகுதியில் இரண்டு பக்கம் வெள்ளம்தான் சார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்!

வக்கீல்குமாஸ்தா:
ஒன்று கேட்கவா? அந்த ஆள் நிஜமா?

கோரையாற்றுக்காரி:
ஒருவர் இப்படி மாற்றி மாற்றிப் புக் செய்தது நிஜம். எந்த ஊருக்கு என்பதை மாற்றியிருக்கிறேன். எதற்காக என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. கர்ப்பிணிப் பெண் என் கற்பனை.

வக்கீல்குமாஸ்தா:
அப்படியென்றால் என் ஆட்சேபணையை வாபஸ் வாங்குகிறேன். நீங்கள் யாருடைய ரகசியத்தையும் எடுக்கவில்லை. டிக்கெட் உங்கள் கையால் எழுதினது, அது உங்கள் வேலை. ரகசியம் தெரியாத இடத்தில் நீங்களே ஒன்றைச் செய்து வைத்தீர்கள், அதைத்தான் சிவப்பு மை அடிக்கச் சொல்கிறார். இரண்டு பேரும் வேறு வேறு வழியில் வந்து ஒரே வாக்கியத்தில் நிற்கிறோம், வேடிக்கைதான்.

நைட்ஷிப்ட்_நர்ஸ்:
இது எனக்கும் உதவுகிறது. நான் இதுவரை நோயாளிகளைப் பற்றியே எழுத நினைத்துக்கொண்டிருந்தேன். வார்டில் ராத்திரி மூன்று மணிக்கு நாங்கள் என்ன செய்வோம், சார்ட்டை எப்படி நிரப்புவோம், யார் டீ போடுவாள், பக்கத்து வார்டிலிருந்து ஆக்ஸிஜன் சிலிண்டரை யார் உருட்டிக்கொண்டு வருவாள், இதை எழுதினால் யாருக்கும் துரோகமில்லை. ஆனால் வாசிக்கிறவர்களுக்கு அது சுவையாக இருக்குமா?

உப்பளம்_தூத்துக்குடி:
சிலிண்டர் உருட்டுவது எனக்குச் சுவையாகத்தான் இருக்கிறது. எழுதுங்கள்.

சீமைப்பெண்:
இழை வேறு பக்கம் போகிறது, மன்னிக்கவும். எனக்கு அறிவொளிதான் ஆர்வம். என் அம்மா புதுக்கோட்டை மாவட்டம். அறிவொளியில்தான் சைக்கிள் கற்றுக்கொண்டார். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த சமயம். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரிந்ததைவிட சைக்கிள் ஓட்டத் தெரிந்ததுதான் இன்றைக்கும் பெருமை. அக்கா, அதைக் கதையாக எழுதவில்லையா?

கோரையாற்றுக்காரி:
எழுதிப் பார்த்தேன் கண்ணு. கூட்டத்தில் பேசினது மாதிரியே வந்தது. எல்லாப் பெண்களும் நல்லவர்கள், எல்லாரும் விடுதலை அடைந்தார்கள். எனக்கே சலித்துப்போனது.

நிஜத்தில் சிரிப்பும் சண்டையுமாக இருக்கும். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்கவில்லை, பல பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளில்தான் பழகினார்கள். அப்புறம் லேடீஸ் சைக்கிள் தந்தாலும் சிலர் வேண்டாம் என்றார்கள். ஜென்ட்ஸ் சைக்கிளில் குறுக்குக் கம்பி இருக்கிறதே, அதில் குழந்தையை உட்கார வைக்கலாம். பின்னால் தண்ணீர்க் குடம், முன்னால் பிள்ளை. எனக்குப் பாடத்துக்கு வந்தவர்களில் ஒருத்தி, கல்குவாரியில் வேலை பார்ப்பவள், கரும்பலகையைப் பார்க்கவே மாட்டாள். வாசலில் யாராவது சைக்கிளை நிறுத்தினால் மட்டும் தலை திரும்பும். ஒரு நாள் என் சைக்கிளைக் கேட்காமலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இருட்டின பிறகுதான் திரும்பி வந்தாள். நான் திட்டினேன். "டீச்சர், மிதிச்சுக்கிட்டே போயிட்டேன், திருப்பத் தெரியலை" என்றாள்.

சிவப்பு_மை:
இதை இங்கே கருத்துப் பெட்டியில் வீணாக்கிவிட்டு, விடுதலை பற்றிக் கதை எழுதினீர்களாக்கும்!

பொடிநடை:
திருப்பத் தெரியலையா! ஆஹா. நான் தன்வரலாறு எழுதச் சொன்னது இதற்குத்தான். புனைவு ஆக்குகிறேன் என்று இதைக் கெடுத்துவிடாதீர்கள்.

சிவப்பு_மை:
பொடிநடை, தன்வரலாற்றில் இது ஒரு சுவையான சம்பவமாக வந்து போய்விடும். கதையாக்கினால் அவள் எங்கே வரை போனாள், யாரைப் பார்த்தாள், எப்படித்தான் திரும்பினாள் என்பதற்குள் போகலாம். டீச்சர் அங்கே இல்லை அல்லவா? அந்த இருட்டுகிற வரையிலான நேரம் முழுக்கக் கதைக்காரிக்குச் சொந்தம். போர்டிலும் அதேதான், கீயைத் தள்ளின பிறகு நடப்பதுதான் இவருக்கு வேண்டியது. அதைக் கண்ணீராக நிரப்பாமல் வேறு எப்படி நிரப்புவது என்பதுதான் இவர் யோசிக்க வேண்டியது.

கடல்தாண்டி:
முன்னால் சொன்னதற்குச் சின்ன பதில். ஆக்ஸ்ஃபோர்டு, அப்பா எல்லாம் சரிதான் சார், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படகு மூழ்கினதற்கு ஆக்ஸ்ஃபோர்டு எந்த உதவியும் செய்யவில்லை.

மேடம், எதில் எழுதுகிறீர்கள்? கையிலா, கணினியிலா? என் அம்மாவும் எழுத ஆசைப்படுகிறார், விரல்தான் ஒத்துழைக்கவில்லை.

கோரையாற்றுக்காரி:
முதலில் நோட்டில் பென்சிலால், அது போர்டுப் பழக்கம். அப்புறம் கம்ப்யூட்டரில். 1999இல் சென்னை மாநாட்டுக்குப் பிறகு தமிழ்99 விசைப்பலகைதான் வந்துவிட்டதே, அதைக் கற்றுக்கொள்ளச் சொல்லி மகன் சொல்கிறான். என் விரலுக்கு ஹையர் படித்த பழைய டைப்ரைட்டர் வரிசைதான் தெரியும். அந்த விசைப்பலகையும் மென்பொருளில் கிடைக்கிறது, அம்மா டைப்ரைட்டிங் படித்தவர் என்றால் அதைப் போட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் போனில் பேசியே எழுதலாம். நான் பேசிப் பார்த்தேன். "டிரங்க் கால்" என்றால் "மரக்கால்" என்று எழுதுகிறது.

ஆரி வேலைக்கு வருகிற பெண்களில் ஒருத்திக்குக் கதையை வாசித்துக் காட்டினேன். துணியைப் பிரேமில் மாட்டிக்கொண்டே கேட்டாள். வெள்ளம் வந்த இடத்தில் ஊசி நிற்கவேயில்லை. லைட்னிங் வந்த இடத்தில் நிமிர்ந்து, "எட்டு மடங்கா? அப்ப எவ்வளவுக்கா வரும்?" என்றாள். சிவப்பு மை சார் சொன்னது அப்போதுதான் உறைத்தது. வெள்ளப் பக்கங்களை அன்றைக்கே எடுத்துவிட்டேன்.

நைட்ஷிப்ட்_நர்ஸ்:
அக்கா, முடிவு என்ன? அவருக்குக் கால் கிடைத்ததா?

கோரையாற்றுக்காரி:
பழைய பிரதியில் குழந்தை பிறந்து, இனிப்புப் பெட்டியோடு எக்ஸ்சேஞ்சுக்கே வந்து நன்றி சொல்வார். இப்போது மாற்றியிருக்கிறேன். விடிகாலையில் ஒரே ஒரு லைன் வருகிறது. தஞ்சாவூர் டிக்கெட் கட்டில் அவருக்கு முன்னால் நிறைய டிக்கெட் இருக்கிறது, எல்லாம் ஆர்டினரி. விதிப்படி லைட்னிங்குக்குத்தான் முதலிடம். அவர் டிக்கெட்டை எடுத்துப் போடுகிறாள். அவர் நம்பர் எடுக்கவில்லை, தூங்கிப்போயிருக்கலாம், வெளியே போயிருக்கலாம். எத்தனை முறை மணியடிப்பது? பின்னால் மற்றவர்களும் ராத்திரி முழுக்கக் காத்திருந்தவர்கள்தானே. அந்த நிமிடத்தில் அவள் என்ன செய்கிறாள் என்பதுதான் கதை. இரண்டு விதமாகவும் எழுதி வைத்திருக்கிறேன்.

சிவப்பு_மை:
இது கதை. எது என்று இங்கே சொல்லாதீர்கள், முடித்துவிட்டு அனுப்புங்கள். தலைப்பு என்ன? 'வெள்ளம்' என்று மட்டும் வைத்துவிடாதீர்கள்.

கோரையாற்றுக்காரி:
'வெள்ளம்' என்றுதான் இருந்தது. இப்போது 'எட்டு மடங்கு' என்று வைத்திருக்கிறேன். எப்படி?

பொடிநடை:
வட்டிக்கடை மாதிரி இருக்கிறது.

உப்பளம்_தூத்துக்குடி:
எனக்குப் பிடித்திருக்கிறது.

சிவப்பு_மை:
வட்டிக்கடை என்று நினைத்தே உள்ளே வரட்டும். நர்ஸம்மா, சிலிண்டரைத் தனி இழையாகத் தொடங்குங்கள், இங்கே இடம் போதாது.